ஒரு வருஷத்தில் 23 நர்ஸ் விலகல். 19 ஃபார்மில் 'குடும்பச் சூழல்'. முதலில் எதில் கை வைப்பது?

தெற்குவாசல் கேட்டது:

வணக்கம். மதுரையில் 120 படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் நர்சிங் சூப்பிரண்டெண்ட் பொறுப்பிலிருந்து கேட்கிறேன். பெயர் வேண்டாம்.

நிலவரம் இது. நர்ஸ் பணியிடம் 62. ஏப்ரல் முதல் தேதி 60 பேர், மார்ச் கடைசியில் 56 பேர். இடையில் 23 பேர் போனார்கள், 19 பேர் சேர்ந்தார்கள். ஜி.என்.எம். (டிப்ளமோ), பி.எஸ்சி. (டிகிரி) கலந்துதான். டியூட்டி காலை 7.30 முதல் 1.30, மதியம் 1.30 முதல் 7.30, இரவு 7.30 முதல் காலை 7.30. நடுவில் மேனேஜ்மென்ட் எல்லாருக்கும் 2,000 ரூபாய் ஏற்றியது. அதற்குப் பிறகு இரண்டு மாசம் ஒருவரும் போகவில்லை, மூன்றாவது மாசம் நாலு பேர் போனார்கள். மே 12 நர்ஸ் தினத்துக்குக் கேக், கோலப்போட்டி எல்லாம் நடத்தியாயிற்று.

வெளியேறும் படிவத்தில் 23-ல் 19 பேர் எழுதியது 'குடும்பச் சூழல்'. கேட்டால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது மாடி மெடிக்கல் வார்டில் நிலைமை மோசம். 30 கட்டில், 14 ஸ்டாஃப். சீனியர், ஜூனியர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கேரளாப் பிள்ளைகள் ஒரு பக்கம், நம்ம பக்கத்துப் பிள்ளைகள் ஒரு பக்கம் என்று டிபன் கூடத் தனித்தனி. மேனேஜ்மென்ட் ஒற்றுமைப் பயிற்சிக்கு வெளியாள் கூட்டி வரலாம் என்கிறது. 2 வருஷ பாண்ட் எழுதி வாங்கி ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைக்கலாம் என்ற பேச்சும் ஓடுகிறது. முதலில் எதில் கை வைப்பது?


பைபாஸ் ரோடு எழுதியது:

மேடம், 23-ஐ ஒரே மூட்டையாகக் கட்டி வைத்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. சராசரி 58 பேருக்கு 23, அதாவது 39.7 சதவீதம். அந்த எண் மேனேஜ்மென்டுக்குப் பயம் காட்டத்தான் ஆகும். சேர்ந்து எத்தனை மாசத்தில் போனார்கள், எந்த வார்டிலிருந்து போனார்கள் என்று பிரித்துப் போடுங்கள். கூடவே இன்னொன்று: இன்று சேர்கிற ஆளுக்கு எவ்வளவு, ஆறு வருஷ ஆளுக்கு எவ்வளவு?


தெற்குவாசல்:

மூன்று மாசத்துக்குள் 7. மூன்று மாசம் முதல் ஒரு வருஷம் 5. ஒன்று முதல் இரண்டரை வருஷம் 8. ஐந்து வருஷத்துக்கு மேல் 3. வார்டு வாரியாக மெடிக்கல் வார்டு 9, ஐ.சி.யு. 5, மற்றதெல்லாம் சேர்ந்து 9. புது ஆளுக்கு 18,000, ஆறு வருஷ ஆளுக்கு 22,000. ரெண்டுமே ஏற்றிய பிறகு உள்ள தொகை.


ரோஸ்டர் நோட்டு எழுதியது:

இது ஒவ்வொண்ணும் வேற வேற நோய். ஒரே மருந்து கொடுத்தா கேட்காது.

ஒன்று முதல் இரண்டரை வருஷத்துக்குள்ள போன 8 பேரை ரொம்ப யோசிக்காதீங்க. வளைகுடா வேலைக்குப் பொதுவா ரெண்டு வருஷ அனுபவம் கேட்பாங்க. அது முடிஞ்சதும் கிளம்புறதுன்னு வரும்போதே முடிவு பண்ணிட்டு வர்றவங்க நிறைய. சிலர் ஜெர்மனி வேலைக்காக ஜெர்மன் மொழி பி-1, பி-2 நிலை படிச்சுக்கிட்டே டியூட்டி பார்ப்பாங்க. எம்.ஆர்.பி. (அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) லிஸ்ட் வந்தா அதுக்கும் நாலு பேர் போவாங்க. தோப்பூர் எய்ம்ஸ் முழுசா ஓட ஆரம்பிச்சா இன்னும் போவாங்க. இதைத் தடுக்க முடியாது, தேதியை முன்னாடியே தெரிஞ்சுக்கலாம். 18-வது மாசம் உட்கார வச்சு 'எப்போ கிளம்புற ஐடியா?'ன்னு நேராக் கேளுங்க. மூணு மாசம் முன்னாடி சொன்னா அனுபவச் சான்றிதழ் கடைசி நாள்லயே கைக்கு வரும், வெளிநாட்டு வெரிஃபிகேஷன் ஃபார்ம் ஒரு வாரத்துல கையெழுத்தாகும்னு எழுத்துல கொடுங்க. பேப்பரை இழுத்தடிப்பாங்கன்னு பயந்துதான் பிள்ளைங்க சொல்லாம திடீர்னு நிக்கிறது.

இப்போ அந்த ரெண்டாவது மாடி வார்டுக்கு வருவோம். சண்டையை விடுங்க, முதல்ல ஆள் கணக்கு.

30 கட்டிலுக்குக் காலை 5, மதியம் 4, இரவு 3. ஒரு நாளைக்கு 12 டியூட்டி. 12-க்கு 14 பேர் இருக்காங்களே, தாராளம்னு கண்ணுக்குத் தெரியும். ஒரு ஆள் வருஷத்துல எத்தனை நாள் கைக்குக் கிடைப்பாங்கன்னு பாருங்க. வார ஆஃப் 52, தேசிய, பண்டிகை விடுமுறை 9, சி.எல். 12, சிக் லீவ் 12, இ.எல். 12. கூட்டினா 97. 365-ல கழிச்சா மீதி 268 நாள். 365-ஐ 268-ஆல வகுத்தா 1.36. ஒரு டியூட்டி இடம் வருஷம் பூரா காலியில்லாம ஓட 1.36 ஆள் வேணும். பகல் 9 இடத்துக்கு 12.3 ஆள். இரவு 3 இடத்துக்கு 4.1. நாலு நைட் தொடர்ந்து பார்த்தா வார ஆஃப் போக ஒரு நைட் ஆஃப் தனியாக் கொடுக்கணும், அதனால இன்னொரு கால் பங்கு சேர்த்தா 5.1. மொத்தம் 17.4. ஆக 18 பேர்.

(இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி 30 சதவீத லீவ் ரிசர்வ், அதாவது லீவுக்கு ஈடான கூடுதல் ஆள், போட்டா 15.6 வரும். நைட் ஆஃப் அதுக்குள்ள அடங்காது.)

உங்ககிட்ட 14. குறையுற 3.4 ஆளை 268-ஆல பெருக்கினா வருஷத்துக்கு ஏறக்குறைய 900 டியூட்டி. அந்த 900-உம் நடக்காம போகலையே, யாரோ பார்த்திருக்காங்க. ரத்தான ஆஃப், டபுள் டியூட்டி, நைட் முடிஞ்சும் பத்து மணி வரை நின்னது. 14 பேருக்குச் சமமாப் பிரிச்சா ஆளுக்கு மாசம் அஞ்சு டியூட்டிக்கு மேல. ஆனா சமமாப் பிரியாது. மறுத்துப் பேச முடியாத ஆள் தலையில விழும். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு ஆள் வரலைன்னா வார்டு இன்சார்ஜ் யாரைக் கூப்பிடுவாங்க? உசிலம்பட்டிக்கும் மேலூருக்கும் பஸ் ஏறிப் போன ஆளையா? மாடிப்படி ஏறினா ஹாஸ்டல், கதவைத் தட்டினாப் போதும்.

ஹாஸ்டல்ல இருக்கிறது யாரு? கேரளாப் பிள்ளைங்க, ராமநாதபுரம், தேனி பக்கத்துப் புதுப் பிள்ளைங்க. வீட்டுல இருந்து வர்றது யாரு? கல்யாணம் ஆன மதுரைக்காரங்க, சீனியருங்க. உங்க கண்ணுக்குக் கேரளா, தமிழ்னும் சீனியர், ஜூனியர்னும் தெரியறது பாதிக்கு மேல ஹாஸ்டல், வீடு பிரிவுதான். டிபன் டப்பா தனியாப் போனது அந்த 900 டியூட்டியிலதான். ஒற்றுமைப் பயிற்சிக்கு ஆள் கூட்டி வந்தா அன்னைக்கு ஆஃபா இருக்கிற பிள்ளைங்களையும் வரச் சொல்லி 901-வது டியூட்டி ஆக்கிருவாங்க.

செய்ய வேண்டியது ஒரு நீளமான கணக்கு நோட்டு. பக்கத்துக்கு ஒரு மாசம். இடது பக்கம் பெயர்கள். கட்டம் அஞ்சு: கிடைச்ச ஞாயிறு ஆஃப், பார்த்த நைட், ரத்தான ஆஃப், திடீர் அழைப்பு, பண்டிகை டியூட்டி. அன்னன்னைக்கு இன்சார்ஜ் எழுதணும், சம்பந்தப்பட்ட ஆள் பக்கத்துல இனிஷியல் போடணும். நோட்டு டியூட்டி ரூம்ல ஆணியில தொங்கணும், இன்சார்ஜ் அலமாரியில பூட்டி இருக்கக் கூடாது. திடீர் அழைப்புக்கு எப்பவும் எண்ணிக்கை குறைஞ்ச ஆளுக்குத்தான் முதல் போன், ஹாஸ்டலோ வீடோ. வீட்டு ஆள் ராத்திரி வரணும்னா வண்டி அனுப்புறது நிர்வாகத்தின் பொறுப்பு. ரத்தான ஆஃப் 14 நாளுக்குள்ள திரும்பக் கிடைக்கணும். கிடைக்கலைன்னா அது பணமாகணும்.

அடுத்த மாச டியூட்டி லிஸ்ட் 20-ந் தேதி ஒட்டியாகணும். ஆளுக்கு ரெண்டு வேண்டுகோள் மட்டும், 12-ந் தேதிக்குள்ள. மாத்திக்கிறவங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட சீட்டு வேணும், ஒரே அனுபவ நிலை ஆளோடதான் மாத்தணும். மதியம் முடிச்ச ஆளை அன்னைக்கே நைட்டுக்கோ, நைட் முடிச்ச ஆளைக் காலைக்கோ தள்ளுற மாத்தல் ஒண்ணும் கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப் குரூப்ல 'நாளைக்கு நீ மார்னிங்'னு போடுறதை நிறுத்துங்க. யாரோ பண்ண தப்பை அதே குரூப்ல போட்டு மானத்தை வாங்குறதையும்தான்.


கிராஷ் கார்ட் எழுதியது:

ரோஸ்டர் நோட்டு சொன்னதில் மறுப்பில்லை. ஆனால் ஆள் 18 ஆனாலும் ஹேண்டோவர் (ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளை ஒப்படைப்பது) சரியில்லையென்றால் சண்டை ஓயாது. ஒரு நாளைக்கு மூன்று முறை, ஒரு ஷிஃப்ட் இன்னொரு ஷிஃப்டைப் பார்த்து முறைக்கிற நேரம் அது.

பெரும்பாலும் தகராறு ஏழெட்டு வேலைகளைச் சுற்றியே வரும். காலை 6 மணி ரத்த சாம்பிள், 6 மணி சுகர், 24 மணி நேர இன்டேக்-அவுட்புட் (உடலுக்குள் போன, வெளியேறிய நீர் அளவு) கூட்டல், யூரின் பேக் காலி செய்தது, வீங்கின கையில் கேனுலா (மருந்து ஏற்ற நரம்பில் போடும் குழாய்) மாற்றாமல் விட்டது, 2 மணி ஆன்டிபயாடிக்கை யார் போடுவது, டிஸ்சார்ஜ் ஆகும் நோயாளியின் மருந்து ரிட்டர்ன், மறுநாள் ஆபரேஷனுக்கான தயாரிப்பு. 'நைட் ஸ்டாஃப் தூங்கிட்டுப் போயிட்டாங்க', 'மார்னிங்குக்கு அஞ்சு பேர் இருந்தும் எங்க தலையில கட்டுறாங்க' என்கிற பேச்செல்லாம் இவற்றிலிருந்துதான்.

ஒரு தாளில் இரண்டு பத்தி எழுதி ஒட்டுங்கள். எது கைமாற்றலாம், எது கைமாற்றக் கூடாது. ஷிஃப்ட் முடிய அரை மணிக்குள் நேரம் விழும் மருந்து, அந்த அரை மணியில் வந்த புது அட்மிஷனின் விவரம் எழுதுதல், டாக்டர் இன்னும் கையெழுத்துப் போடாத டிஸ்சார்ஜ், இவை கைமாறலாம். வீங்கின கேனுலா, நிரம்பிய பேக், கூட்டாத சார்ட், கொடுத்துவிட்டு எழுதாத மருந்து, இவை மாறக் கூடாது. கடைசியாகச் சொன்னது ஆபத்து. அடுத்த ஆள் கொடுக்கவில்லை என்று நினைத்து இன்னொரு டோஸ் போட்டுவிடுவார்.

ஹேண்டோவர் கவுண்டரில் வேண்டாம், கட்டிலருகே நடக்கட்டும். எஸ்பார் முறை போதும்: இப்போதைய நிலை, பின்னணி, என்ன கவனித்தோம், அடுத்து என்ன செய்ய வேண்டும். ஆறு நோயாளிக்கு ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்றால் 12 நிமிஷம். அதோடு போதை மருந்து ரெஜிஸ்டர் எண்ணிக்கைக்கு இரண்டு கையெழுத்து, கிராஷ் கார்ட் (அவசர மருந்து வண்டி) சீல் நம்பர், ஆக்சிஜன் சிலிண்டர் அளவு. 20 நிமிஷம் ஆகும். உங்கள் நேர அட்டவணையில் 7.30-க்கு ஒரு ஷிஃப்ட் முடிந்து 7.30-க்கே இன்னொன்று தொடங்குகிறது. இடைவெளி பூஜ்யம். அந்த 20 நிமிஷம் தினமும் யாரோ ஒருவர் பையிலிருந்து போகிறது. வருகிற ஆள் 7.15-க்கு வரணும், போகிற ஆள் 7.35-க்குக் கிளம்பணும் என்று எழுதி, அதை வேலை நேரமாகக் கணக்கில் சேருங்கள்.

சின்ன விஷயம் ஒன்று. ஹாஸ்டல் மெஸ்ஸில் காலை டிபன் எத்தனை மணி வரை? எட்டேகாலுக்கு மூடினால் நைட் முடித்து வருகிற பிள்ளைக்கு ஆறிப்போன ரெண்டு இட்லியும் அடிமண்டிச் சட்னியும்தான். ஒன்பது வரை திறந்து வைக்கச் சொல்லுங்கள்.


பைபாஸ் ரோடு:

எல்லாம் சரி, சம்பளத்தைத் தாண்டிப் போகாதீர்கள். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் மத்திய அரசு அமைத்த குழு தனியார் நர்ஸ் சம்பளத்துக்கு அளவு சொல்லியிருக்கிறது. 200 படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசு நர்சுக்குச் சமம். 100-லிருந்து 200 வரை அரசுச் சம்பளத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை 25 சதவீதம். 50-க்குக் கீழேயும் 20,000-க்குக் குறையக் கூடாது. உங்களுடையது 120 படுக்கை. 18,000 என்பது 50 படுக்கைக்குக் கீழே உள்ள இடத்துக்குச் சொன்னதைவிடக் குறைவு. பரிந்துரைதான், சட்டமில்லை. ஆனால் 'நல்லாத்தானே கொடுக்கிறோம்' என்று மேனேஜ்மென்ட் சொன்னால் இதை மேசையில் வையுங்கள்.

அந்த 2,000 ரூபாயில் இரண்டு பிழை. முதலாவது, எல்லாருக்கும் ஒரே தொகை. புது ஆளுக்கும் ஆறு வருஷ ஆளுக்கும் 4,000 வித்தியாசம், வருஷத்துக்கு 700 ரூபாய் கூட இல்லை. நைட்டில் வார்டையே தாங்குகிற ஆளுக்கு அது மரியாதையாகத் தெரியாது.

இரண்டாவது பலர் கவனிக்காதது. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பெற மாசச் சம்பள உச்சவரம்பு 21,000. 20,000 வாங்கிய சீனியர் 22,000 ஆனதும் அந்தப் பங்களிப்புக் காலம் முடிந்தவுடன் இ.எஸ்.ஐ.-யிலிருந்து வெளியே. காலங்கள் ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். பிடித்தம் 0.75 சதவீதம் நின்றது, கையில் 150 ரூபாய் கூடியது. பதிலுக்கு வீட்டில் உள்ள அம்மா, பிள்ளை எல்லாருக்கும் இருந்த வைத்தியம் போயிற்று. ஏற்றிய 2,000-ஐ விட இழந்தது பெரிது. ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்து போன மூன்று பேரும் இந்த வரம்பைத் தாண்டியவர்களா என்று பாருங்கள். தாண்டினவர்களுக்குக் குரூப் மெடிக்ளைம், அல்லது உங்கள் மருத்துவமனையிலேயே குடும்பத்துக்குச் சலுகை, எழுத்தில் வேண்டும்.

பாண்ட், சர்டிபிகேட் விஷயம்: ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைப்பதற்கு எந்த உரிமையும் கிடையாது, அதைத் தொடவே தொடாதீர்கள். பாண்ட் வேறு கதை. 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் பாண்ட் தொகை செல்லும் என்றது. அதைக் காட்டி உங்கள் வக்கீல் தைரியம் சொல்லலாம். ஆனால் ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவின்படி கிடைப்பது நியாயமான இழப்பீடு, எழுதின தொகை அதன் உச்சவரம்புதான். 18,000 ரூபாய் வேலைக்கு, தனிப் பயிற்சி எதுவும் கொடுக்காமல் ஒரு லட்சம் கேட்டால் எங்கே காட்டுவீர்கள் செலவை? அதைவிட, பாண்ட் போட்ட செய்தி ஒரே வாரத்தில் எல்லா நர்சிங் கல்லூரி ஹாஸ்டலுக்கும் போய்விடும். அடுத்த கேம்பஸ் இன்டர்வியூவில் நாற்காலிதான் மிஞ்சும்.


கல்லூரிப் பக்கம் எழுதியது:

மூன்று மாசத்துக்குள் போன 7 பேரைப் பற்றி யாரும் பேசவில்லையே. புதுப் பிள்ளை சேர்ந்த நாளிலிருந்தே டியூட்டி எண்ணிக்கையில் ஒரு ஆளாகச் சேர்க்கிறீர்களா? பதில் ஆமாம் என்றால் காரணம் அதுதான்.

முதல் 15 நாள் எண்ணிக்கைக்கு வெளியே இருக்கட்டும். கூட ஒரே ஒரு சீனியர், அதே ஷிஃப்டில், 15 நாளும் அவரே. தினம் ஒரு சீனியரோடு விட்டால் ஆறு பேர் ஆறு விதமாகச் சொல்லிக் கொடுத்து, ஆறு பேரிடமும் திட்டு வாங்குவாள். கற்றுக் கொடுக்கிற சீனியருக்கு நோயாளி எண்ணிக்கையில் இரண்டைக் குறையுங்கள், மாசம் 2,000 படி கொடுங்கள். சும்மா 'பார்த்துக்கோ' என்றால் அவருக்கு அது தண்டனை.

வேலைச் சரிபார்ப்புப் பட்டியலில் குறைந்தது இவை இருக்கட்டும்: கேனுலா, இன்சுலின் இரட்டைச் சரிபார்ப்பு, ரத்தம் ஏற்றுதல், இன்ஃபியூஷன் பம்ப், பொட்டாசியம் போன்ற ஆபத்தான மருந்து, போனில் சொன்ன ஆர்டரைத் திருப்பிச் சொல்லி எழுதுதல், சி.பி.ஆர். ஒவ்வொன்றும் பார்த்தது, கூட இருந்து செய்தது, தனியாகச் செய்தது என்று மூன்று கையெழுத்து. மூன்றாவது விழாமல் நைட் கிடையாது. ஒரு நைட்டில் ஆறு மாசத்துக்குக் குறைந்த ஆள் ஒருவருக்கு மேல் இருக்கக் கூடாது. ஆள் இல்லை என்று மூன்று ஃப்ரெஷரை ஒரே நைட்டில் விடுவது நடக்கிறது. அந்த மூன்று பேரும் ஒன்றாகத்தான் ராஜினாமா எழுதுவார்கள்.

30-வது நாள், 90-வது நாள் பத்து நிமிஷம் பேசுங்கள். இன்சார்ஜ் வேண்டாம், நீங்களோ ஹெச்.ஆரோ. 'எப்படி இருக்கு?' என்றால் 'நல்லா இருக்கு மேடம்' என்றுதான் வரும். 'போன வாரம் எந்த நைட்டில் யாரைக் கூப்பிடத் தயங்கினே?' என்று கேளுங்கள்.


கிராஷ் கார்ட்:

கல்லூரிப் பக்கம் கடைசியாகக் கேட்ட கேள்வி அருமை. அந்தப் பதிலில் சில நேரம் டாக்டர் பெயர் வரும், அதற்கும் தயாராக இருங்கள். ரவுண்ட்ஸில் நோயாளி முன்னால் சிஸ்டரைக் கத்துகிற கன்சல்டன்டை நர்சிங் சூப்பிரண்டெண்ட் கேட்க முடியாது, மெடிக்கல் டைரக்டர்தான் கேட்கணும். எழுத்தில் புகார், ஏழு நாளில் பதில் என்று ஒரு வழி வையுங்கள். பாலியல் தொல்லை என்றால் அது வேறு பாதை. 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம், வெளி உறுப்பினர் ஒருவரோடு. மூன்று மாசத்துக்குள் புகார், 90 நாளுக்குள் விசாரணை. அதை 'பேசித் தீர்த்துக்கலாம்' பட்டியலில் சேர்க்காதீர்கள்.

நோயாளியோடு வந்த கூட்டம் கை நீட்டினால் புகாரை மருத்துவமனை கொடுக்கணும், அந்தப் பிள்ளை பெயரில் விட்டுவிடக் கூடாது. தமிழ்நாட்டில் 2008-லிருந்தே இதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது, 3 முதல் 10 வருஷம் சிறை. கூட்டத்தைச் சமாதானம் பண்ண சிஸ்டரை மன்னிப்புக் கேட்கச் சொன்னால், பார்த்துக்கொண்டு நின்ற மற்ற நாலு பேரும் அன்றைக்கே மனசால் விலகிவிடுவார்கள்.

மருந்துத் தவறும் அப்படித்தான். தவறை எழுதிக் கொடுத்த பிள்ளைக்கு மெமோ என்றால், அடுத்த தவறு யாருக்கும் தெரியாது.


தெற்குவாசல்:

எல்லாருக்கும் நன்றி. பழைய லிஸ்டை எடுத்து மெடிக்கல் வார்டின் கடைசி மூன்று மாசத் திடீர் அழைப்பை எண்ணினேன். 71. அதில் 58 ஹாஸ்டல் ஆட்கள். ரோஸ்டர் நோட்டு சொன்னதுதான். போன மூன்று சீனியர்களில் இரண்டு பேர் இ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டியவர்கள். அவர்களுக்குச் சின்னக் குழந்தையும் உண்டு.

இரண்டு கேள்வி மிச்சம். மேலும் ஆள் கேட்டால் மேனேஜ்மென்ட் 'செலவு' என்று கையை விரிக்கும், எப்படிச் சொல்வது? சித்திரைத் திருவிழா லீவை எப்படிப் பங்கிடுவது? வருஷா வருஷம் அதில்தான் பெரிய சண்டை.


பைபாஸ் ரோடு:

செலவை அவர்கள் மொழியில் சொல்லுங்கள். ஒரு ஆள் போனால் இடம் ஒரு மாசம் காலி. 26 டியூட்டியை எக்ஸ்ட்ராவாகப் பார்க்க வைத்து டியூட்டிக்கு 900 கொடுத்தால் 23,400. மிச்சமான சம்பளம் 18,000 போக 5,400 நஷ்டம். புது ஆள் பழகும் முதல் மாசச் சம்பளம் 18,000. கற்றுக் கொடுக்கிறவர் படி 2,000. சீருடை, மருத்துவப் பரிசோதனை, ஹெபடைடிஸ் பி மூன்று ஊசி என்று 3,000 வையுங்கள். கூட்டினால் 28,400. 23 பேருக்கு 6,53,200. அதே பணத்தில் 18,000 சம்பளத்தில் மூன்று நர்சை ஒரு வருஷம் வைத்துக்கொள்ளலாம், மூன்று பேருக்கு 6,48,000. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கு தனி. எண்களை உங்கள் ரசீதுகளைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள், கணக்குப் போடுகிற முறை இதுதான்.

நர்ஸ் கேட்பதற்கு முன் ஒரு வார்டு கிளார்க் கேளுங்கள். மருந்து ரிட்டர்ன், லேப் ரிப்போர்ட் எடுத்து வருவது, முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துக்கான பேப்பர் சேர்ப்பது, பில்லுக்கு ஓடுவது எல்லாம் சிஸ்டர் தலையில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். 30 கட்டிலுக்குப் பகலில் ஒரு கிளார்க் போட்டால் காலை ஷிஃப்டில் கிட்டத்தட்ட ஒரு நர்சின் நேரம் திரும்பி வரும்.

குழந்தை விஷயம்: 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் சட்டப்படி கட்டாயம். பல இடத்தில் ஒன்பதுக்குத் திறந்து ஐந்துக்குப் பூட்டுவார்கள். 7.30 டியூட்டிக்கு அதனால் என்ன பயன்? காலை ஏழுக்குத் திறந்து இரவு எட்டுக்கு மூடச் சொல்லுங்கள்.


ரோஸ்டர் நோட்டு:

திருவிழாவுக்கு லீவ் பங்கீடு, வழி அடைப்பு ரெண்டையும் பிரிச்சுப் பாருங்க.

பங்கீட்டுக்கு அஞ்சு பெரிய நாள்: பொங்கல், சித்திரைத் திருவிழா, ரம்ஜான், தீபாவளி, கிறிஸ்துமஸ். ஜனவரியிலயே ஒவ்வொருத்தரும் மூணு நாளை வரிசைப்படுத்திக் கொடுக்கணும். முதல் விருப்பம் எல்லாருக்கும் கிடைக்காது, போன வருஷம் கிடைச்சவங்க இந்த வருஷம் வரிசையில கடைசி. ஓணத்துக்கும் ஈஸ்டருக்கும் போகணும்னு கேட்கிற பிள்ளைங்க தீபாவளியை விட்டுக் கொடுப்பாங்க, அதைப் பேசி முடிக்க ஜனவரி நல்ல நேரம். அலங்காநல்லூர், பாலமேடு பக்கத்துப் பிள்ளைங்களுக்குப் பொங்கல்னா ஜல்லிக்கட்டு நாளையும் சேர்த்துத்தான் கணக்கு.

வழி அடைப்பு வேற. அழகர் வைகை ஆத்துல இறங்குற விடியக்காலை தல்லாகுளம், கோரிப்பாளையம், ஏ.வி. மேம்பாலம் எல்லாம் ஜனம். தென்கரையில இருந்து வடகரைக்கு வர்ற ஆள் 7.30-க்கு வர முடியாது, நைட் முடிச்ச ஆளும் வீட்டுக்குப் போக முடியாது. முந்தின நாள் எதிர்சேவை அன்னைக்குச் சாயங்காலமே காலை ஷிஃப்ட் ஆட்களைக் கூட்டி வந்து ராத்திரி தங்க வைங்க, படுக்கை, சாப்பாடு கொடுத்து. நைட் ஆட்களுக்கு வழி திறக்கிற வரைக்கும் படுக்க ரூம். தங்கின ராத்திரிக்கு ஆளுக்கு ஒரு காம்ப் ஆஃப் (ஈடு விடுமுறை), இது நோட்டுல 'பண்டிகை' கட்டத்துல விழணும். ஹாஸ்டல் பிள்ளைங்களைக் காலைக்கும் இழுத்துச் சமாளிக்கிற பழக்கம் இருந்தா இந்த வருஷத்தோட விடுங்க. அவங்களுக்கும் அழகரைப் பார்க்கணும்.

அந்த 71-ல 58-ஐ எழுதி வார்டுல ஒட்டுங்க, யார் பேரும் போடாம, எண் மட்டும். அதுக்குக் கீழே புது நோட்டை மாட்டுங்க. நோட்டுல பென்சில் வேண்டாம், பேனா. மாத்தணும்னா ஒரே கோடு போட்டு அடிச்சு, அடிச்ச ஆளும் பாதிக்கப்பட்ட ஆளும் பக்கத்துல கையெழுத்துப் போடட்டும். ஒயிட்னர் கண்ணுல படக் கூடாது.